திருடர் மொழியும் தொழிலாளர் மொழியும்: புவெனோஸ் அயர்ஸ் நகரின் 'லுன்பார்தோ' வழக்குப் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

1878ஆம் ஆண்டு ஜூலை மாதம் 6ஆம் திகதி, ஆர்ஜென்ரீனாவின் தலைநகரான புவெனோஸ் அயர்ஸில் வெளிவந்த 'லா பிரென்சா' நாளிதழில், 'திருடரின் கிளைமொழி' என்னுந் தலைப்பிற் கையொப்பமற்ற சிறு கட்டுரையொன்று பிரசுரமாயிற்று. நகரத்துத் திருடர் தமக்குள் வழங்குவனவாகக் கருதப்பட்ட சொற்கள் சிலவற்றை அது பொருளுடன் தொகுத்துத் தந்தது. 'லுன்பார்தோ' என்னுஞ் சொல் இடம்பெறும் மிகப் பழைய அச்சாவணங்களுள் ஒன்றாக ஆய்வாளர் இதனைக் கொள்வர். அக்கட்டுரையில் அச்சொல் மொழி எதனையுங் குறிக்கவில்லை, திருடனையே குறித்தது. ஒரு நகரத்துப் பாமர மக்களின் பேச்சு வழக்குத் திருடனின் பெயரைத் தன் பெயராகப் பெற்றது எவ்வாறு? இவ்வினா சொற்பிறப்பியலுக்கு மாத்திரம் உரியதன்று; அந்நகரின் வர்க்க வரலாற்றோடு பிணைந்தது.

பிறர் அறியாவண்ணம் ஒரு குழுவினர் தமக்குள் வழங்குஞ் சொல்லை நமது இலக்கண நூலார் குழூஉக்குறி என வகுத்தனர். அதற்குப் பொற்கொல்லர், யானைப்பாகர், வேடர் ஆகியோரின் வழக்குகளை உரைகாரர் எடுத்துக்காட்டினர். அவர்கள் காட்டிய சான்றுகள் தொழில் பற்றியவை. பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஐரோப்பியக் குற்றவியலோ குழூஉக்குறியைப் பெரும்பாலுங் குற்றம் பற்றியதொன்றாகவே கண்டது. 1876இல் இத்தாலியில் வெளிவந்த லொம்புறோசோவின் 'குற்றவாளி மனிதன்' என்னும் நூல், குற்றவாளியைப் பிறவியிலேயே வேறுபட்ட மனித வகையாகக் கொண்டு, அவனது உடலமைப்பு, பச்சைகுத்தல், பேச்சு வழக்கு ஆகிய அனைத்தையும் அதன் அறிகுறிகளாகப் பட்டியலிட்டது. அந்நூலின் செல்வாக்கு அத்திலாந்திக்கைக் கடந்து ஆர்ஜென்ரீனாவின் சட்டத்துறையினரிடையேயும் விரைந்து பரவியது. ஆகவே லுன்பார்தோ பற்றி நமக்குக் கிடைக்கும் முதற் சான்றுகள் மொழியியலாளர் தந்தவையல்ல. பொலிசாரும் குற்றவியலாளரும் தந்தவை என்பதை முதற்கண் மனங்கொள்ள வேண்டும்.

இவர்களுட் குறிப்பிடத்தக்கவர் பெனீஞ்ஞோ லுகோனெஸ். பொலிஸ் திணைக்களத்தில் எழுதுவினைஞராயிருந்த இவ்விளைஞர், 1879 மார்ச், ஏப்ரல் மாதங்களில் 'லா நசியோன்' பத்திரிகையில் இரு கட்டுரைகளை எழுதித் திருடரின் உத்திகளையுஞ் சொற்களையும் விவரித்தார். பொலிசாரின் உள்விடயங்களை அம்பலமாக்கினார் என்பதால் அவர் தமது பதவியை இழந்தார். 1888இல் லூயிஸ் மரியா திராகோ எழுதிய நூலும், 1894இல் அந்தோனியோ தெல்லெப்பியானே வெளியிட்ட 'குற்றத்தின் மொழி' என்னும் நூலும் இம்மரபைப் பல்கலைக்கழகத் தரத்துக்கு உயர்த்தின. தெல்லெப்பியானே சட்டவியலாளர், அவரது அகராதி இன்றும் பயன்மிக்கது. ஆனால் அகராதியின் தலைப்பே அதன் முடிபையும் முன்கூட்டிக் கூறிவிடுகின்றது. சிறைக் கூடத்தினுட் சென்று சொற்களைத் திரட்டுபவன், தான் திரட்டிய சொற்கள் சிறைக்கு வெளியேயும் வழங்கினவா என்று கேட்பதில்லை.

'லுன்பார்தோ' என்ற பெயரே இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. வட இத்தாலியப் பிரதேசமான லொம்பார்தியாவைச் சேர்ந்தோர் இடைக்கால ஐரோப்பாவில் வட்டிக்குப் பணம் கொடுப்போராகவும் அடைவு பிடிப்போராகவும் பெயர்பெற்றிருந்தனர். கடனாளிகளின் வெறுப்பு 'லொம்பார்தோ' என்னும் இடப்பெயரை வட்டிக்காரன் எனவும், பின் திருடன் எனவும் பொருள்பெறச் செய்தது. அச்சொல்லே இத்தாலியக் குடியேறியோரின் வாயிலாகப் புவெனோஸ் அயர்ஸை அடைந்து 'லுன்பார்தோ' எனத் திரிந்தது என்பது ஆய்வாளர் பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பணம் கொடுத்து வாங்குவோனைச் சுட்டிய பழிச்சொல், கையில் ஏதுமற்ற துறைமுகத் தொழிலாளியின் பேச்சுக்குப் பெயராய் முடிந்தது.

இனி அந்நகரத்தை நோக்குவோம். 1853ஆம் ஆண்டின் அரசியல் யாப்பு ஐரோப்பியக் குடியேற்றத்தை ஊக்குவிப்பதை அரசின் கடமையாகவே விதித்திருந்தது. ஆள்வது என்பது குடியமர்த்துவது என்பது அக்காலச் சிந்தனையாளரான அல்பெர்தியின் கோட்பாடு. அவர் எதிர்பார்த்தது வட ஐரோப்பியரை. கப்பல்களில் வந்திறங்கியோரிற் பெரும்பாலோர் இத்தாலியரும் ஸ்பெயினின் வறிய மாகாணங்களைச் சேர்ந்தோருமாவர். 1869ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பின்போது ஏறத்தாழ 180,000 பேரைக் கொண்டிருந்த நகரம், 1914இல் 1,575,000 பேரைக் கொண்டதாயிற்று. அவர்களுள் ஏறக்குறைய அரைப்பங்கினர் பிறநாட்டிற் பிறந்தோர். கோதுமைக்கும் இறைச்சிக்கும் உலகச் சந்தையில் ஏற்பட்ட கேள்வி, பிரித்தானிய மூலதனம், புகையிரதப் பாதை ஆகியன இப்பெருக்கத்தின் காரணிகள். குடியேறியோர் நிலத்தை நாடி வந்தனர் எனினும், வளமான சமவெளிகள் ஏலவே பெருநிலவுடைமையாளர் சிலரின் கையிற் சிக்கியிருந்தன. உழ வந்தவன் குத்தகைக்காரனானான். அல்லது நகரத்திலேயே தங்கிக் கூலியானான்.

நகரத்தில் அவன் தங்கிய இடம் 'கொன்வென்தில்லோ' எனப்படும் பல்குடி வீடு. 1871இல் மஞ்சட் காய்ச்சல் நகரைத் தாக்கியபோது தென்பகுதியில் வாழ்ந்த செல்வர் தம் மாளிகைகளை விட்டு வடபகுதிக்குப் பெயர்ந்தனர். கைவிடப்பட்ட மாளிகைகள் அறை அறையாகப் பிரிக்கப்பட்டு வாடகைக்கு விடப்பட்டன. ஓர் அறையில் ஒரு குடும்பம், நடுவே பொதுமுற்றம், அனைவருக்கும் பொதுவான தண்ணீர்க் குழாய். அம்முற்றத்தில் ஜெனோவாக்காரரும் நாப்பொலிக்காரரும் கலீசியரும் உருசிய நாட்டு யூதரும் சிரியரும் உள்நாட்டுக் கிரியோல்லோ மக்களும் ஒருவரோடொருவர் பேசியாக வேண்டியிருந்தது. இத்தாலியர் எல்லாருங்கூட ஒரு மொழியினர் அல்லர். ஜெனோவாக்காரனின் பேச்சு நாப்பொலிக்காரனுக்கு எளிதில் விளங்காது. பொதுமொழியாக அமைந்தது ஸ்பானிய மொழியே. ஆயின் அதன் இலக்கணச் சட்டகத்தினுள் ஒவ்வொருவரும் தத்தம் சொற்களைக் கொணர்ந்து வைத்தனர்.

அச்சொற்கள் எவை? 'லபூரோ' என்றால் வேலை. இத்தாலிய 'லவோரோ' அதன் மூலம். 'பீபே' என்றால் சிறுவன்; ஜெனோவா வழக்கினின்று வந்தது. 'பியாக்கா' என்றால் உடற்சோர்வு, எதையுஞ் செய்ய மனமற்ற நிலை. இதுவும் ஜெனோவாவின் கொடை. 'மொர்பார்' உண்ணுதல். 'பக்கான்' என்பது ஜெனோவாவில் முதலாளியை, குடும்பத் தலைவனைக் குறித்த சொல். இங்கே அது பணக்காரனையும் பகட்டாக வாழ்பவனையுங் குறித்தது. வேலை, பிள்ளை, பசி, களைப்பு, எசமான்: இவற்றைப் பேசுவதற்குத் திருடனாக இருக்க வேண்டிய அவசியம் எவருக்கும் இல்லை. திருடரிடையே 'வேலை' என்பது திருட்டையுங் குறித்தது உண்மையே. இதனைக் கண்ட பொலிஸ் எழுத்தாளர் அச்சொல்லின் பிறப்பிடமே திருட்டு எனக் கருதினர். தொழிலாளியின் சொல்லைத் திருடன் நையாண்டியாக எடுத்தாண்டான் என்று அதனைத் தலைகீழாகக் காண்பதே பொருத்தம் என்பது எமது கருத்து.

இத்தாலியச் சொற்களே லுன்பார்தோவின் முழுமை என எண்ணுவதும் தவறு. 'கிலோம்போ' என்பது அங்கோலாவின் கிம்புந்து மொழிச்சொல். பிரேசிலில் அது தப்பியோடிய அடிமைகள் அமைத்த சுதந்திரக் குடியிருப்புகளின் பெயராயிற்று. அவற்றுட் புகழ்பெற்றது பதினேழாம் நூற்றாண்டின் பல்மாரெஸ். தெற்கே லா பிளாத்தா நதிக்கரையில் அதே சொல் விபசார விடுதியைக் குறித்தது. இன்று பெருங்குழப்பம், அமளி என்னும் பொருளில் எல்லார் வாயிலும் வழங்குகின்றது. அடிமைகளின் விடுதலைக் கோட்டை 'அமளி' ஆகியமை சொற்பொருள் மாற்றம் என்னும் இலக்கண விதியால் மாத்திரம் நிகழ்ந்ததன்று; அக்கோட்டையை யார் பார்த்தனர், யார் பெயரிட்டனர் என்பதே அதனைத் தீர்மானித்தது. சிகரெட் துண்டைக் குறிக்கும் 'பூச்சோ' அந்தீஸ் மலையக மக்களின் கெச்சுவா மொழியில் எச்சம், மிச்சம் எனப் பொருள்படும். விளையாட்டுத் திடலைக் குறிக்கும் 'கான்ச்சா'வும் கெச்சுவாவே. ஸ்பெயினின் ஜிப்சி மக்களது காலோ வழக்கினின்று 'சமுயார்', அதாவது நயமாகப் பேசி மயக்குதல், வந்தது.

'பொந்தி' என்னுஞ் சொல்லின் பயணம் இன்னுஞ் சுவையானது. பிரேசிலில் ட்ராம் வண்டிச் சேவையை அந்நிய மூலதனம் நடத்திய காலத்தில், 'பொண்ட்' எனப்படும் கடன்முறியின் ஆங்கிலப் பெயர் போர்த்துக்கேய வாயில் 'பொந்தே' என்றாகி, வண்டிக்கே பெயராயிற்று. அது புவெனோஸ் அயர்ஸை அடைந்து 'பொந்தி' என்றாகி, ட்ராம் மறைந்த பின் பஸ் வண்டியின் பெயராக நிலைத்துள்ளது. நாளாந்தம் அதில் ஏறி வேலைக்குச் செல்பவன், தன் நாவில் அந்நியக் கடன்பத்திரமொன்றை உச்சரிக்கின்றான்.

இவ்விடத்து ஓர் எச்சரிக்கை. ஒலியொப்புமையை நம்பிச் சொற்பிறப்புக் காணும் ஆசை எல்லா நாட்டினருக்கும் உண்டு. லுன்பார்தோவில் ஒரு பெசோ நாணயத்தை 'மாங்கோ' என்பர். ஸ்பானிய மொழியில் மாம்பழத்துக்கு வழங்கும் பெயரும் அதுவே. பழப்பெயர் போர்த்துக்கேயர் வழியாக நமது 'மாங்காய்' என்னுஞ் சொல்லோடு தொடர்புடையது. இதனைக் கொண்டு புவெனோஸ் அயர்ஸ் மக்கள் தமிழில் எண்ணிக் காசு கொடுக்கின்றனர் என முடிபு கட்டிவிடலாகாது. நாணயப் பெயர் பழத்திலிருந்து வந்ததென்பதற்குச் சான்று இல்லை.

மேலும், இவ்வழக்கின் தனித்துவமான விளையாட்டொன்று 'வெஸ்ரே' எனப்படும் அசைமாற்று. 'தலைகீழ்' எனப் பொருள்படும் 'ரெவேஸ்' என்னும் ஸ்பானியச் சொல்லையே தலைகீழாக்கியதால் வந்த பெயர் இது. 'தாங்கோ' இதன்படி 'கோத்தான்' ஆகும்; 'கபே' 'பெக்கா' ஆகும். மறைபொருளாகப் பேசுதல் இதன் நோக்கமென்பர். எல்லாருக்கும் விளங்கும் மறைமொழி எவ்வகையில் மறைமொழி? சிரிப்பே இதன் முதன்மையான நோக்கம் எனலாம்.

லுன்பார்தோவைக் 'கொக்கொலீச்சே'யினின்று வேறுபடுத்திக் காண வேண்டும். பின்னையது வந்திறங்கிய இத்தாலியன் தட்டுத்தடுமாறிப் பேசிய கலவை ஸ்பானியம். போதெஸ்தா குடும்பத்தாரின் சர்க்கஸ் மேடையில் 'ஹுவான் மொரெய்ரா' நாடகம் நடிக்கப்பட்ட 1880களில், இத்தாலியனைப் போலப் பேசிக்காட்டும் நகைப்பாத்திரமொன்று தோன்றி இப்பெயரைப் பெற்றது. தந்தை பேசியது கொக்கொலீச்சே. அது அவனோடு மறைந்தது. மகன் சரளமாக ஸ்பானியம் பேசினான். தந்தையின் சொற்கள் சிலவற்றை வேண்டுமென்றே அதிற் பதித்தான். இவ்வேண்டுமென்றே என்பதுதான் லுன்பார்தோவின் உயிர்நிலை. ஸ்பானிய மொழியில் வேலைக்கும் சிறுவனுக்கும் சொல் இல்லாமலில்லை. பள்ளிக்கூடச் சொல் இருக்க, முற்றத்துச் சொல்லைத் தெரிந்தெடுத்தல் ஒரு சார்புநிலையாகும்.

ஆளும் வர்க்கத்தினர் இச்சார்பை உணராமலில்லை. 1902இல் நிறைவேறிய வதிவிடச் சட்டம், விரும்பத்தகாத அந்நியரை நீதிமன்ற விசாரணையின்றி நாடுகடத்த அரசுக்கு அதிகாரமளித்தது. அதன் இலக்கு அராஜகவாதத் தொழிற்சங்கவாதிகளே. மொழி பற்றிய வாதம் இதே ஆண்டுகளில் உச்சமடைந்தமை தற்செயலன்று. 1900இல் லூசியன் அபெய் என்னும் பிரெஞ்சுக்காரர் ஆர்ஜென்ரீனர்க்கெனத் தனித் தேசிய மொழி உருவாகி வருகின்றதென ஒரு நூல் எழுதினார். அதனை மறுத்தவர்களுள் ஒருவரான ஏர்னெஸ்தோ கெசாதா, 1902இல் வெளியிட்ட நூலில் குடியேறியோரின் பேச்சுக் கலப்பைத் தேசிய இலக்கியத்துக்கு நேர்ந்த கேடாகக் கண்டார். 1913இல் கவிஞர் லெயோபோல்தோ லுகோனெஸ் (முன்னர்க் கூறிய பொலிஸ் எழுதுவினைஞர் வேறு, இவர் வேறு) நாடோடிக் கௌச்சோவைத் தேசியத்தின் இலட்சிய உருவாக உயர்த்திப் பேருரைகள் நிகழ்த்தினார். சமவெளிகளில் உயிரோடு திரிந்த காலத்திற் கௌச்சோ சோம்பேறி, கலகக்காரன் எனத் துரத்தப்பட்டவன். வேலிகளும் கட்டாயப் படைச்சேவையும் அவனை ஒழித்த பின்னரே அவனது பேச்சுத் தூய மொழியாயிற்று. உயிரோடிருந்த தொழிலாளியின் பேச்சோ திருடர் மொழியாகவே நீடித்தது. 'இழிசனர் வழக்கு' என்னும் முத்திரையை நன்கறிந்த நமக்கு இம்மனோபாவம் புதிதன்று.

1907இன் வாடகைப் போராட்டத்தை இங்குக் குறிப்பிடாமற் செல்ல இயலாது. வாடகை உயர்வை எதிர்த்து அவ்வாண்டின் பிற்பகுதியில் கொன்வென்தில்லோவாசிகள் வாடகை செலுத்த மறுத்தனர். ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் இதிற் பங்குபற்றியதாகக் கணிப்பர். பெண்களும் சிறுவரும் விளக்குமாறுகளை ஏந்தி, அநீதியைப் பெருக்கித் தள்ளுவோம் என ஊர்வலஞ் சென்றனர். பொலிஸ் தலைவர் ரமோன் பல்கோன் குடும்பங்களை வெளியேற்றத் தீயணைப்புப் படையின் நீர்க்குழாய்களைப் பயன்படுத்தினார். இளந் தொழிலாளி ஒருவன் துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்தான்.

அம்முற்றங்களில் நாள் முழுதும் பேசியவர்கள் பெண்கள். ஆனால் லுன்பார்தோ அகராதிகளைப் புரட்டினால் அப்பெண்களின் குரலைக் காண்பது அரிது. பெண்ணைக் குறிக்கும் சொற்கள் ஏராளம்: 'மினா', 'பெர்க்காந்தா', 'பைக்கா', 'கிரேலா', 'நைபா'. அவை அனைத்தும் ஆண் பெண்ணைப் பார்த்து இட்ட பெயர்கள். பல, அவளை உடைமையாகவோ வருவாயாகவோ காண்பவை. பெண்களை வைத்துப் பிழைப்பவனைக் குறிக்கும் 'கபீஷியோ' என்னுஞ் சொல்லுக்கும் அன்றைய நகரத்தின் விபசார வாணிபத்துக்கும் உள்ள தொடர்பு வெளிப்படை. விளக்குமாறு ஏந்தியவர்கள் தம் கணவரையும் வீட்டுக்காரனையும் எப்பெயரிட்டு அழைத்தனர் என்பதைப் பொலிஸ் எழுதுவினைஞர் குறித்துக்கொள்ளவில்லை. பின்வந்த பாடலாசிரியரும் கேட்கவில்லை. லுன்பார்தோவை மக்கள் மொழி எனக் கொண்டாடும் நமது முற்போக்கு ஆர்வம் இக்குறையை மறைத்துவிடக்கூடாது.

பாடலாசிரியர் காலம் 1917இல் தொடங்கியது எனலாம். அவ்வாண்டில் பஸ்குவால் கொந்துர்சி எழுதிய 'என் துயர இரவு' என்னும் பாடலைக் கார்லோஸ் கார்தெல் பாட, சொற்களோடு கூடிய தாங்கோ நகரைக் கவர்ந்தது. இசைத்தட்டும் வானொலியும் லுன்பார்தோவை முற்றத்திலிருந்து வரவேற்பறைக்குக் கொண்டுசென்றன. 1928இல் கார்லோஸ் தெ லா பூவா முழுமையாக இவ்வழக்கிலேயே கவிதை நூலொன்றை வெளியிட்டார். அதே ஆண்டு றொபேர்த்தோ ஆர்ல்ற் 'எல் முந்தோ' பத்திரிகையில் நாளாந்தப் பத்திகளை எழுதத் தொடங்கினார். குடியேறிய பெற்றோருக்குப் பிறந்து முறையான கல்வியை முடிக்காத அவர், 'பியாக்கா' என்னுஞ் சொல்லின் பிறப்பை லா போக்கா பகுதி ஜெனோவாக்காரரிடையே தேடிச் சென்று ஒரு பத்தி எழுதினார். இலக்கணப் பேராசிரியர் ஒருவர் லுன்பார்தோவைக் கண்டித்தபோது, 1930இல் அவர் அளித்த மறுமொழி குத்துச்சண்டையை உவமை கொண்டது: விதிப்படி மாத்திரம் சண்டையிடுபவன், எல்லாக் கோணங்களிலிருந்தும் குத்துபவனிடம் தோற்பான், புதிய கருத்துடைய மக்கள் தம் மொழியையும் அவ்வாறே ஆள்வர்.

இதற்கு எதிர்முனையில் நின்றவர் ஹோர்ஹே லூயிஸ் போர்ஹெஸ். 1926இலும் 1928இலும் எழுதிய கட்டுரைகளில், லுன்பார்தோ என்பது திருட்டுத் தொழிலின் கலைச்சொற்றொகுதி மாத்திரமே என்றும், அதனைக் கொண்டு ஒரு நகரத்தின் ஆன்மாவை எழுத முடியாதென்றும் வாதிட்டார். நாடகக்காரரும் பாடலாசிரியரும் சொற்களைச் செயற்கையாக உற்பத்தி செய்தனர் என்ற அவரது குற்றச்சாட்டில் உண்மையுண்டு. ஆனால் பொலிசார் வகுத்த வரைவிலக்கணத்தை அவர் கேள்வியின்றி ஏற்றுக்கொண்டார் என்பதே எமது கண்டனம். வியப்பு யாதெனில், ஸ்பெயினைச் சேர்ந்த அறிஞர் அமேரிக்கோ கஸ்த்ரோ 1941இல் புவெனோஸ் அயர்ஸின் பேச்சைச் சீர்கேடு எனக் கூறியபோது, அவரைக் கடுமையாக எள்ளி நகையாடியவரும் போர்ஹெஸே.

எழுத்தாளர் வாதிட்டனர்; அரசு ஆணையிட்டது. 1943 ஜூன் மாதம் படையினர் ஆட்சியைக் கைப்பற்றிய பின், வானொலியில் மொழித் தூய்மையைக் காக்கும் விதிகள் கடுமையாக நடைமுறைப்படுத்தப்பட்டன. தாங்கோப் பாடல்களின் தலைப்புகளும் வரிகளும் மாற்றி எழுதப்பட்டன. பாமரன் புத்தகத் தமிழில் ஒப்பாரி வைத்தாற்போல் அவை ஒலித்திருக்கும். இசையாக்குநரும் பாடலாசிரியரும் 1949இல் ஜனாதிபதி பெரோனைச் சந்தித்து முறையிட்ட பின்னர் கெடுபிடி தளர்ந்தது.

ஹொசே கொபெல்லோ 1953இல் வெளியிட்ட 'லுன்பார்தீயா' ஆய்வின் திசையை மாற்றிய நூல்களுள் ஒன்று. லுன்பார்தோ திருடரின் இரகசிய மொழியன்று. குடியேற்றத்தோடு வந்து, நகரத்துச் சாமானியர் தமதாக்கிக்கொண்ட சொற்களின் தொகுதி என்பது கொபெல்லோ பின்னர் வலுவாக நிறுவிய கருத்து. 1962 டிசெம்பர் 21ஆம் திகதி அவரும் அவரது நண்பர்களும் நிறுவிய லுன்பார்தோக் கழகம் இன்றும் இயங்குகின்றது. பொலிசார் எழுதிய சொற்பட்டியல்கள் அதன் நூலகத்தில் மூலாவணங்களாகப் பேணப்படும் தகுதியைப் பெற்றன. 'லபூரோ'வும் 'பீபே'யும் அமைச்சர்களின் வாயிலும் வழங்குகின்றன. கொன்வென்தில்லோக்கள் அருங்காட்சிப் பொருள்களாகி, லா போக்காவில் உல்லாசப் பயணிகளுக்கு வண்ணம் பூசிக் காட்டப்படுகின்றன.

அந்நகரின் விளிம்பிலோ வேறு முற்றங்கள் தோன்றியுள்ளன. வட மாகாணங்களிலிருந்தும் பொலிவியா, பராகுவே ஆகிய நாடுகளிலிருந்தும் வந்தோர் வாழும் சேரிகளில், 1990களின் இறுதியில் 'கும்பியா வில்லேரா' என்னும் பாடல் வகை எழுந்தது. அதன் சொற்கள் பலவற்றைப் பத்திரிகைகள் 'தும்பேரோ', அதாவது சிறைவாசிகளின் பேச்சு, என்றே வகைப்படுத்தின. 2001இல் ஆர்ஜென்ரீனாவின் ஒலிபரப்புக் கண்காணிப்பு நிறுவனம் இப்பாடல்களின் உள்ளடக்கத்தை மதிப்பிடுவதற்கெனத் தனி வழிகாட்டு விதிகளை வெளியிட்டது. தும்பேரோ எனப்பட்ட அச்சொற்களிற் சில இப்போது நடுத்தர வர்க்கத்துப் பள்ளி மாணவரின் பேச்சிலும் கேட்கப்படுகின்றன.